சுவர் மேல ஒரு ஷூ பெட்டி

போன வாரம் லிப்ட்காரர் வீட்டு வாசல்ல ஒரு இன்வெர்ட்டர் வந்து இறங்கினதோட விட்டோம். வீட்டு லைட்டு ஃபேனுக்குன்னு நெனச்சுடாதீங்க. கோழி முட்டைக்கு.

முன்னாடி வாரத்தையெல்லாம் விட்டவங்களுக்காக சுருக்கமா சொல்லிடலாம். லிப்ட்காரர்னா, முப்பத்தஞ்சு வருஷம் பெரிய பெரிய கட்டடத்துல லிப்ட் ரிப்பேர் பாத்து ரிட்டயர் ஆனவரு. பொண்டாட்டி போய்ச் சேந்தாச்சு. ஒரே பொண்ணு, கண்ணாடிக் கடை வச்சிருக்கா. அதனால தெருவுல அவளுக்குப் பேரே கண்ணாடிக்காரிதான்.

இவங்க ரெண்டு பேரையும் ஆட்டி வைக்கிறது ஒரு கோழிக் கூட்டம். புகை நிறத்துல இறகு, சிலேட்டு கலர்ல காலு. தலைல ரோஜாப்பூவ அமுக்கி ஒட்டின மாதிரி தட்டையா, பொடிப்பொடி முள்ளோட ஒரு கொண்டை. 'புகையன்'னு பேரு. ஒரு காலத்துல வீட்டுக்கு வீடு இருந்த இனம். இப்போ சல்லடை போட்டுத் தேடினாலும் லிப்ட்காரர் வீட்லதான் இருக்கு. நாலு பொட்டை, ஒரு சேவல். அவ்வளவுதான் மிச்சம்.

போன தடவை இன்குபேட்டர்ல வச்ச முட்டைல ஒண்ணுகூடப் பொரிக்கல. "கரண்ட் போயிடுச்சுப்பா, அதான்"னு கண்ணாடிக்காரி சொன்னா. அதுக்கு முந்தின தடவையும் அதே பாட்டுதான். கரண்ட் போனது நெசம், ஆனா பத்து நிமிஷம். பத்து நிமிஷத்துல முட்டை கெட்டுப் போகாதுன்னு அவளுக்குத் தெரியும். அப்பா மூஞ்சி தொங்கினதப் பாத்ததும் வாய் தன்னால அப்படிச் சொல்லிடுச்சு. அந்த மனுஷன் அத நம்பி இன்வெர்ட்டர் வாங்கிட்டு வந்துட்டாரு.

புதுசா முட்டை வச்சு இன்னிக்கு ஏழாம் நாள்.

காலைல காபி குடிச்ச கையோட ரெண்டு பேரும் ஸ்டோர் ரூமுக்குள்ள போனாங்க. ஜன்னல்ல பழைய போர்வையத் தொங்க விட்டு இருட்டாக்கியாச்சு. கண்ணு டெஸ்ட் பண்ற சின்ன டார்ச்ச முட்டையோட அகலமான பக்கத்துல வச்சு அடிக்கணும். உயிர் பிடிச்ச முட்டைன்னா ஏழாம் நாள்ல உள்ள சிவப்பு நரம்பு சிலந்தி வலையாட்டம் ஓடும். நடுவுல கறுப்பா ஒரு புள்ளி ஆடும்.

அப்பாவுக்குக் கண்ணுல புரை. ஆபரேஷன் பண்ணிக்குங்கன்னா "கோழி சீசன் முடியட்டும்"பாரு. கோழிக்கு வருஷம் முச்சூடும் ஏதோ ஒரு சீசன். அதனால முட்டை பாக்கறது பொண்ணு வேலை, நோட்டுல எழுதறது அப்பா வேலை.

"ஒண்ணாம் நம்பர்?"

"தெளிவா இருக்குப்பா."

"ரெண்டு?"

"தெளிவா இருக்கு."

தெளிவுன்னா நல்லதுன்னு நெனச்சுடக் கூடாது. உள்ள ஒண்ணுமே இல்லாம, மஞ்சக்கரு மட்டும் மெதக்கற கூமுட்டைன்னு அர்த்தம்.

பதினொண்ணு வந்தப்போ அப்பா நம்பர் கேக்கறத நிறுத்திட்டாரு. அவளே எடுத்தா, அடிச்சா, வச்சா. பதினெட்டாவது முட்டைய மட்டும் ரெண்டு தடவை திருப்பித் திருப்பிப் பாத்தா. டார்ச்சு வெளிச்சம் அந்தப் பக்கம் புகுந்து இந்தப் பக்கம் வந்துச்சு. நடுவுல யாரும் இல்ல.

"இன்வெர்ட்டர் ஓடிச்சா?"ன்னு அப்பா கேட்டாரு.

"ஓடிச்சு."

"கரண்டு?"

"இந்தத் தடவை போகவே இல்லப்பா."

"அப்ப போன தடவையும் கரண்ட்டால இல்ல."

அவ டார்ச்ச அணைச்சா. அவரு திட்டல. போர்வைய விலக்கி ஜன்னலத் தொறந்துட்டு, வெளிய மண்ணுல கெளறிக்கிட்டிருந்த நாலு பொட்டையையும் பாத்துக்கிட்டு நின்னாரு.

"நாலுக்கும் வயசாயிடுச்சும்மா. இந்த சீசன் போடும். அடுத்த சீசன் எத்தன போடும்னு நெனக்கற?"

"கொஞ்சம் போடும்."

"கொஞ்சம் போட்டு, அதுவும் இப்படியே இருந்தா, இதோட முடிஞ்சுது." சோறு தீந்துடுச்சுன்னு சொல்ற மாதிரி சாதாரணமா சொன்னாரு.

திரும்பும்போது அவரு கண்ணு மேல் தட்டுக்குப் போச்சு. அங்க ஒரு ஷூ பெட்டி இருக்கு. மூடில ஏழெட்டு ஓட்டை, உள்ள வெள்ளைப் பஞ்சு. அஞ்சு வருஷமா அத யாரும் தொட்டதில்ல.

அந்தப் பெட்டிக் கதைய இங்கயே சொல்லிடணும்.

லிப்ட்காரருக்கு ஒரு தம்பி. மெத்தை தைக்கறவரு. கண்ணாடிக்காரிக்குச் சித்தப்பா. அண்ணன் வீட்டு முதுகும் தம்பி வீட்டு முதுகும் ஒட்டிக்கிட்டு இருக்கும், நடுவுல ஒரே ஒரு சுவரு. அந்தச் சுவத்துல ஒரு சின்னக் கதவு. சித்தி அந்த வழியா வந்து கோழிக்குத் தீனி போடுவா, கண்ணாடிக்காரி அம்மா கையால காபி குடிப்பா, வேணுங்கற முட்டைய எடுத்துக்கிட்டுப் போவா. ரெண்டு வீடுன்னு யாரும் சொன்னதில்ல.

பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒரே தடவை பொரிச்சதுல ஏழு குஞ்சுக்கு ரோஜாக்கொண்டை வரல. தலைல ரம்பத்த நட்டு வச்ச மாதிரி ஒத்தக் கொண்டை நேரா நின்னுச்சு. அதுக்கு முன்னாடியும் எப்பவாவது ஒண்ணு அப்படி வரும், கண்ணுல படாமப் போயிடும். ஏழுன்னா எப்படிப் படாம போகும்? தம்பி வீட்ல அப்போ ஒரு மொட்டைக்கழுத்துச் சேவல் இருந்துச்சு. அதுக்கும் ரம்பக்கொண்டை. லிப்ட்காரர் ரெண்டையும் முடிச்சுப் போட்டுட்டாரு. சித்தியக் கூப்பிட்டு, தெருவே பாக்க, "கதவத் தொறந்து விட்டு என் இனத்தையே கெடுத்துட்டா. முட்டை திருட வர்றவளுக்கு இனம் என்ன தெரியும்"னுட்டாரு.

திருடி. அந்த ஒரு வார்த்தைதான். மறுநாளே கொத்தனார வச்சு கதவு இருந்த இடத்த அடைச்சாச்சு. அந்த இடத்துச் செங்கல் இன்னும் வேற கலரா தனியாத் தெரியும்.

அதுக்கப்புறம் எப்ப ரம்பக்கொண்டை பொரிச்சாலும் லிப்ட்காரர் ஷூ பெட்டில போட்டு ஏணில ஏறிச் சுவர் மேல வைப்பாரு. 'உன் ரத்தம், நீயே வச்சுக்கோ'ன்னு அர்த்தம். சாயங்காலம் பெட்டி காலியாத் திரும்பி வந்து அதே இடத்துல இருக்கும். உள்ள புதுப் பஞ்சு போட்டு. யாரும் யாரோடயும் ஒரு வார்த்தை பேசினதில்ல. ஆறு வருஷம் அந்தப் பெட்டி போச்சு, வந்துச்சு.

அஞ்சு வருஷமா ரம்பக்கொண்டையே பொரிக்கல. பெட்டிக்கும் வேலை இல்லாமப் போச்சு.

கடைய ஒன்பதரைக்குத் தொறந்தா கண்ணாடிக்காரி. பத்தரைக்கு மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்ணாடியக் கைல ஏந்திக்கிட்டு வந்தாங்க. அதுல காதுல மாட்டற கம்பி ஒண்ணு ஒடைஞ்சு தொங்குது.

"ஒரு ஆடு முட்டிடுச்சு. கேக்காதீங்க"ன்னாங்க.

"கேக்கல. பவர் மாறியிருக்கான்னும் பாத்துடலாம், உக்காருங்க."

டெஸ்ட் பண்ற பிரேம மாட்டி, லென்ஸ் பெட்டியத் தொறந்து, "கீழ் வரி படிங்க"ன்னா. டாக்டரம்மா படிச்சாங்க. அடுத்த லென்ஸ எடுத்தவ அத மாட்டாம கைலயே வச்சுக்கிட்டு நின்னா.

"டாக்டர், ஒரு சந்தேகம். கோழி சமாச்சாரம்."

"கண்ணு டெஸ்ட்டுக்கு நடுவுலயா?"

"பதினெட்டு முட்டை. பதினெட்டும் கூமுட்டை. மூணாவது தடவை."

டாக்டரம்மா பிரேமோடயே நிமிந்து உக்காந்தாங்க. "சேவல் ஏறுதா?"

"ஏறுது. ஜோரா ஏறுது. தீனில கொறை இல்ல, கூட்டுல பூச்சி இல்ல."

"கொண்டை எப்படி இருக்கும்?"

கொண்டையப் பத்தி எதுக்குக் கேக்கறாங்கன்னு அவளுக்குப் புரியல. இருந்தாலும் முழுக் கதையும் சொன்னா. ரோஜாக்கொண்டை, ரம்பக்கொண்டை, அப்பா போட்ட சட்டம். ரம்பம் ஒண்ணு பொரிச்சாக்கூட அந்தக் குஞ்சு சுவருக்கு அந்தப்பக்கம். அதப் பெத்த சேவலும் பொட்டையும் விக்கறதுக்கு. இப்படியே கழிச்சுக் கழிச்சு, அஞ்சு வருஷமா ரம்பமே இல்லாத சுத்தமான கூட்டம்.

"அந்த அஞ்சு வருஷமாத்தான் பொரிக்கறது கொறைஞ்சுதா?"

கண்ணாடிக்காரி விரல் விட்டு எண்ணிப் பாத்தா. "ஆமா."

டாக்டரம்மா லென்ஸ் பெட்டிக்குள்ள கைய விட்டு ஒரு சிவப்பு லென்ஸும் கலரே இல்லாத ஒரு வெள்ளை லென்ஸும் எடுத்தாங்க.

"இங்க பாருங்க. ஒவ்வொரு கோழிக்குள்ளயும் கொண்டைக்குன்னு ரெண்டு லென்ஸ் இருக்குன்னு வச்சுக்குங்க. அப்பன் குடுத்தது ஒண்ணு, ஆத்தா குடுத்தது ஒண்ணு. சிவப்பு ரோஜாக்கொண்டை. வெள்ளை ரம்பக்கொண்டை. ரெண்டையும் சேத்துப் பிடிச்சா என்ன கலர் தெரியுது?"

"சிவப்பு."

"அதான். வெள்ளை உள்ளதான் இருக்கு, வெளிய காட்டிக்காது. ரெண்டு ரோஜாக்கொண்டையும் ஆளுக்கு ஒரு வெள்ளைய ஒளிச்சு வச்சிருந்து, ரெண்டு வெள்ளையும் ஒரே குஞ்சுல வந்து சேந்தா?"

"ரம்பம்."

"வெளியாள் யாரும் வேலி தாண்ட வேண்டியதில்ல. உங்க வீட்டுக் கோழியே போதும்."

அவ ரெண்டு லென்ஸையும் வாங்கிக்கிட்டா.

"உங்கப்பா வெள்ளைய எல்லாம் கழிச்சுட்டாரு. இப்ப இருக்கற சேவலுக்கு ரெண்டும் சிவப்பு. ரோஜாக்கொண்டைல அதான் வில்லங்கம். பொட்டைக்கு ஒண்ணும் ஆகாது. சேவலுக்கு ரெண்டும் சிவப்பா இருந்தா விந்துல உயிரணு சோம்பேறியாயிடும். பாதி வழில படுத்துக்கும். வயசாக ஆக இன்னும் மோசம்."

"வைத்தியம் இருக்கா?"

"ஊசி மருந்து கிடையாது. அதே இனத்துல வெள்ளை இருக்கற ஒரு சேவல் வேணும். ரம்பக்கொண்டைச் சேவல்னா தங்கம். உங்க பொட்டையோட சேத்தா குஞ்சு அத்தனைக்கும் ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. எல்லாத் தலைலயும் ரோஜா. முட்டையும் பொரிக்கும். ஆனா புகையன் ரம்பத்துக்கு எங்க போவீங்க?"

எங்க போகணும்னு அவளுக்குத் தெரியும். தூரம் ஒரு சுவரு.

வாசல் வரைக்கும் போன டாக்டரம்மா திரும்பினாங்க. "அந்த மொட்டைக்கழுத்துச் சேவல் சுத்தமான வழியா?"

"பரம்பரையா மொட்டை. சித்தப்பா பெருமையாச் சொல்லுவாரு."

"அப்ப அதுக்குப் பொறக்கற குஞ்சு ஒண்ணுவிடாம கழுத்து மொட்டையாத்தான் இருக்கும். மிஞ்சிப் போனா கழுத்துல ஒரு கொத்து இறகு நிக்கும். அந்த ஏழு குஞ்சுக்கும் கழுத்து எப்படி இருந்துச்சாம்?"

மத்தியானம் கடையச் சாத்திட்டு வீட்டுக்கு வந்தப்போ அப்பா கூட்டுக் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டிருந்தாரு. லிப்ட்ட நிறுத்திட்டாலும் எண்ணெய விடல. சத்தம் போடாத கதவுக்குக்கூட விடுவாரு.

அவ பக்கத்துல குந்தி எல்லாத்தையும் சொன்னா. கைப்பையிலேருந்து ரெண்டு லென்ஸையும் எடுத்து வெயில்ல பிடிச்சுக் காட்டினா. புரை விழுந்த கண்ணுக்குக்கூட சிவப்பு தெரிஞ்சுது. அவரு எண்ணெய்ப் புட்டிய மூடினாரு.

"ஆக, கெடுத்தது நான்தான்."

"கெடுக்கணும்னு செய்யலப்பா. கண்ணுக்குத் தெரியாத விஷயம்."

அத அவரு வாங்கிக்கல. அவ மெதுவா கேட்டா. "அப்பா, அந்த முதல் ஏழு குஞ்சு. கழுத்து மொட்டையா இருந்துச்சா?"

அவரு எழுந்து உள்ள போனாரு. தேடிக்கிட்டெல்லாம் இருக்கல, கை நேராப் போயி ஒரு பழைய நோட்ட எடுத்துச்சு. பக்கமும் மனப்பாடம் போல. பிரிச்சு அவ கைல குடுத்தாரு. கம்பி போட்ட மாதிரி நேர் எழுத்து. 'ரம்பம் ஏழு. இறகு புகை. கால் சிலேட்டு. கழுத்து முழுசு.'

"அன்னிக்கே எழுதியிருக்கீங்க."

"எழுதினேன். யோசிக்கல. கோபத்துல இருந்தேன்." கட்டில்ல உக்காந்தாரு. "மூணு வருஷம் கழிச்சு இன்னும் ரெண்டு ரம்பம் பொரிச்சுது. அவன் வீட்டு மொட்டைக்கழுத்து செத்து வருஷம் ஒண்ணு ஆகியிருந்துச்சு. கதவும் இல்ல. செத்த சேவல் சுவரேறிக் குதிக்குமா? அன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு."

"எட்டு வருஷத்துக்கு முன்னாடியா?"

"எட்டு."

"அப்புறமும் பெட்டிய வச்சீங்களே."

"நாளைக்குப் போய்ச் சொல்லிடலாம்னு நெனச்சேன். நாளைக்கு, அடுத்த வாரம்னு போச்சு. ஒரு வருஷம் ஆச்சு. லேட்டா ஆக ஆக, ஏன் இவ்வளவு நாள் சொல்லலேன்னு அதுக்கும் சேத்துப் பதில் சொல்லணும் பாரு. சுமை ஏறினா லிப்டே நகராது." நோட்ட வாங்கி மூடினாரு. "பெட்டி போய் வந்துக்கிட்டு இருந்துச்சு. பஞ்சு மாத்தி வந்துச்சு. அது போதும்னு இருந்துட்டேன். அதுவும் நின்னப்போதான் வீடு ரொம்ப அமைதியாப் போச்சு."

கண்ணாடிக்காரிக்குக் கோபமும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. எத முதல்ல விடறதுன்னு தெரியாம எழுந்து போய் பெட்டிய இறக்கினா.

"வாங்க."

"எதப் போட்டு அனுப்பறது? குஞ்சு இல்லையே."

அவ காலைல பாத்த பதினெட்டாம் நம்பர் முட்டையப் பஞ்சு நடுவுல வச்சா.

ஏணில தானே ஏறறேன்னு அவ சொன்னா. அவரு கேக்கல. முட்டி மடங்காம, படிக்குப் படி நின்னு மூச்சு வாங்கி ஏறினாரு. பெட்டிய வச்சாரு. இறங்கி, அடைச்ச செங்கல் மேலயே சாஞ்சு நின்னுக்கிட்டாரு. அந்தப்பக்கம் மெத்தைக்குப் பஞ்சு அடிக்கற மோட்டர் ஓடிக்கிட்டிருந்துச்சு.

மோட்டர் நின்னுச்சு.

ஸ்டூல இழுக்கற சத்தம். சுவர் மேல பஞ்சு ஒட்டின ஒரு கை வந்து பெட்டிய எடுத்துச்சு. அப்புறம் ஒண்ணும் கேக்கல. முட்டைய வெயில்ல பிடிச்சுப் பாக்கறாரு போலன்னு கண்ணாடிக்காரி நெனச்சா.

"பதினோரு வருஷம் கழிச்சு எங்கண்ணன் எனக்கு அனுப்பறது ஒரு கூமுட்டை"ன்னு அந்தப்பக்கத்துலேருந்து குரல் வந்துச்சு.

கண்ணாடிக்காரி அப்பாவ முழங்கையால ஒரு இடி இடிச்சா.

"பதினெட்டும் அப்படித்தான்டா"ன்னாரு.

"பதினெட்டுமா?"

"ம்."

சித்தப்பா தொண்டையச் செருமினாரு.

"சேவல் கேக்கறியா?"

"ஆமா."

"அண்ணே, இந்தப் பெட்டிக்குள்ள சேவல் நுழையாது. வாசல் வழியா வா."

சுவருக்கு அந்தப்பக்கம்தான் வீடுன்னாலும் வாசல் அடுத்த தெருவுல. தெரு முனை வரைக்கும் போய், டெய்லர் கடைய ஒட்டித் திரும்பி, திரும்பவும் அவ்வளவு தூரம் வரணும். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கிட்டாரு. வழில ரெண்டு தடவை நின்னாரு. முட்டி வலிக்குதுன்னாரு.

சித்தப்பா வீட்டு முன்கட்டு பூராவும் பஞ்சு. தரைல பஞ்சு, ஜன்னல்ல பஞ்சு, சித்தப்பா புருவத்துல பஞ்சு. தைச்சு முடிச்ச மெத்தை மேல ஒரு பொட்டைக்கோழி சவுகரியமா சாஞ்சு தூங்கிக்கிட்டிருந்துச்சு. புகை நிறம். தலைல ரம்பம்.

"கஸ்டமர் பாத்தா திட்டமாட்டாங்களா?"ன்னு கண்ணாடிக்காரி கேட்டா, ஏதாவது பேசணுமேன்னு.

"மெத்தை நல்லா இருக்குன்னு அதான் சர்டிபிகேட்டு"ன்னாரு சித்தப்பா. அவரு பேசினது அவகிட்ட, பாத்தது அண்ணன. "வயசாயிடுச்சு உனக்கு."

"உனக்கு மட்டும் என்ன?"

"எனக்குப் பஞ்சு. தட்டினா போயிடும்."

பின்பக்கம் கூட்டிக்கிட்டுப் போனாரு. வேலி போட்டுத் தனியா ஒரு இடம். பன்னெண்டு பொட்டை, மூணு சேவல். அத்தனையும் புகை, அத்தனை காலும் சிலேட்டு, அத்தனை தலைலயும் ரம்பம். வேற கோழி ஒண்ணுகூட உள்ள இல்ல. பெரிய சேவல் ஒண்ணு நெஞ்ச நிமித்திக்கிட்டு, காலத் தூக்கித் தூக்கி வச்சு நடந்து வந்து அப்பா செருப்பக் கொத்திப் பாத்துச்சு.

அப்பா குனிஞ்சு ரொம்பக் கிட்டப் போய்ப் பாத்தாரு. "நம்ம பழைய பெரிய சேவலோட நடைடா இது."

"அவன் பேரன்."

"கலக்கவே இல்லையா நீ?"

"என் மொட்டைக்கழுத்து செத்ததும் வேற கோழியே வாங்கல. இதுங்கள மட்டும்தான் வச்சிருக்கோம்." சித்தப்பா ஷூ பெட்டிய அண்ணன் கைல குடுத்தாரு. முட்டை இல்ல, பஞ்சு மட்டும் இருந்துச்சு. "ஆனா இது என் கோழி இல்லண்ணே. நான் யாரு குடுக்க? தீனி போட்டு, பெட்டில குஞ்சு வந்தா தூக்கம் முழிச்சு, தனியா வேலி கட்டுன்னு என் உயிர வாங்கினது எல்லாம் அவ. அவகிட்ட கேளு."

அப்பா பெட்டியப் பாத்தாரு. "பஞ்சு?"

"நான் வச்சேன்னா நெனச்ச? நான் அன்னிக்கு இருந்த கோபத்துக்குப் பெட்டிய அடுப்புல போட்டிருப்பேன். குஞ்சு என்ன பாவம் பண்ணிச்சுன்னு அவதான் ஒவ்வொரு தடவையும் வச்சு அனுப்புவா."

அப்பா அப்படியே அங்க இருந்த பஞ்சு மூட்டை மேல உக்காந்துட்டாரு.

சித்தி தலகாணி உறை தைச்சுக் குடுக்கப் போயிருந்தா. கண்ணாடிக்காரி கடைக்கு அவ வருஷம் ஒரு தடவை வருவா. ஊசில நூல் கோக்கக் கண்ணாடி மாத்திக்குவா, கண்ணாடிக்காரி தலையத் தடவிட்டுப் போவா. ஒரு தடவைகூட 'உங்கப்பா எப்படி இருக்காரு'ன்னு கேட்டதில்ல. கேக்காததே பெரிசாக் காதுல விழும்.

வாசல் கேட் தொறக்கற சத்தம் வந்துச்சு.

அப்பா எழுந்தாரு. முட்டி ரெண்டும் கடகடன்னுச்சு. சித்தி பைய ஒரு தோள்லேருந்து இன்னொரு தோளுக்கு மாத்திக்கிட்டே உள்ள வந்தவ, முன்கட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவுல அப்படியே நின்னா. கண்ணாடியக் கழட்டி முந்தானைல தொடச்சு மறுபடி மாட்டிக்கிட்டுப் பாத்தா. ஆளு மாறல.

"அந்தக் குஞ்சு அத்தனையும் எங்க வீட்டுக் குஞ்சுதான்"ன்னாரு அப்பா. பெட்டிய ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தாரு, பரிசு வாங்கப் போற பிள்ளை மாதிரி. "உன் சேவல் வரல. நீ கதவத் தொறக்கல. திருடின்னு நான் சொன்னது பொய்யி."

சித்தி பைய இறக்கி வச்சா.

"எனக்குத் தெரியும்"னா. "சொன்ன அன்னிக்கே தெரியும். உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

கண்ணாடிக்காரிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. இன்னிக்குத்தான் சித்தி, டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும், கடைலேருந்து நேரா ஓடி வர்றேன். பாதி நெசம்தானே. சொல்லியிருந்தா எல்லாருக்கும் சுலபம். கரண்ட் போயிடுச்சுன்னு சொன்ன அதே வாய். அப்பா அவளத் திரும்பிப் பாத்தாரு. புரை விழுந்த கண்ணு, அதுல பயம் நல்லாவே தெரிஞ்சுது.

அவ வாய இறுக்கி மூடிக்கிட்டா.

"எட்டு வருஷம் ஆச்சு"ன்னாரு அப்பா.

சித்தப்பா தலைய அந்தப்பக்கம் திருப்பிக்கிட்டாரு. மெத்தை மேல தூங்கின பொட்டை எழுந்து ஒரு தடவை உதறிட்டு மறுபடி படுத்துச்சு. சித்தி மூஞ்சில ஒண்ணும் மாறல. எட்டு வருஷத்த அவ எண்ணிப் பாக்கறாளோ, பதினொண்ணுலேருந்து கழிக்கறாளோ, யாருக்குத் தெரியும்.

அப்புறம் பக்கத்துல வந்தா. அப்பா கைலேருந்து பெட்டிய வாங்கினா. மூடியத் தொறந்து, ரெண்டு விரலால உள்ள அமுக்கிப் பாத்தா.

"பஞ்சு பழசாயிடுச்சு"ன்னா.

சொல்லிட்டு, பெட்டியோட உள்ள போயிட்டா. கதவச் சாத்தவும் இல்ல, வாங்கன்னு கூப்பிடவும் இல்ல. பின்பக்கம் பெரிய சேவல் வேலி மேல ஏறி நின்னு, நேரங்கெட்ட நேரத்துல ஒரு கூவு கூவிச்சு.

அப்பா கண்ணாடிக்காரி கையப் பிடிச்சுக்கிட்டு, அந்தத் தொறந்த கதவையே பாத்துக்கிட்டு நின்னாரு.